விரலளவு வீரர்களும் சாணளவு கப்பல்களும்

பண்டைக்காலப் போர்வீரர்களையும் போர்க்கப்பல்களையும் சிற்றுருவங்களாக வார்த்தெடுத்து, வண்ணந்தீட்டி, அணிவகுத்துச் சேர்த்து வைக்கும் கலை மேலைநாடுகளில் இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக வளர்ந்து வந்துள்ளது. நம் நாட்டில் இதனை அறிந்தோர் சிலரே. அறிந்தவர்களுள்ளும் பலர் இதனைச் சிறுவர் விளையாட்டின் நீட்சி என்றே எண்ணுவர். நாமும் தொடக்கத்தில் அவ்வாறே எண்ணினோம். அவ்வெண்ணம் மாறியதற்கு ஒரு வினாவே காரணமாயிற்று.

உரோமானியக் காலாட்படை வீரர் பதின்மரின் உருவங்கள் நம் கைக்கு வந்தன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 24 மில்லிமீட்டர் உயரம். அதாவது ஆளில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு. திரைப்படங்களிற் கண்ட நினைவைத் துணையாகக் கொண்டு, பதின்மருக்கும் செக்கச்செவேலென்று அங்கி தீட்டி முடித்தோம். அவற்றை உற்று நோக்கிய வரலாற்றுத்துறை நண்பர் ஒருவர், "அங்கி சிவப்பு என்று உங்களுக்கு யார் சொன்னார்கள்?" என்று வினவினார். விடை கூற நம்மால் இயலவில்லை. படம் பார்த்துத் தீட்டினோம் என்று கூறவும் நாணமாக இருந்தது.

சிற்றுருவின் வடிவத்தை வார்ப்பவர் தந்துவிடுகிறார். வண்ணமோ தீட்டுபவரின் பொறுப்பு. நூலில் எழுதும் ஆசிரியர், 'அங்கியின் நிறம் தெளிவாகத் தெரியவில்லை' என்று ஒரு வரியில் கடந்துவிடலாம். தூரிகை பிடித்தவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஏதேனும் ஒரு நிறத்தை அவர் தீட்டியே ஆகவேண்டும். தீட்டியவுடன் அது வரலாற்றைப் பற்றிய ஒரு கூற்றாகிவிடுகிறது. அக்கூற்றுக்குச் சான்று எங்கே என்று தேடப் புகும்போதுதான் இப்பொழுதுபோக்கு கல்வியாக மாறுகிறது.

கல்லறையிலிருந்து கடைவீதிக்கு

போர்வீரரைச் சிற்றுருவாக்கும் வழக்கம் நாலாயிரம் ஆண்டுப் பழமை உடையது. எகிப்து நாட்டின் அஸ்யூத் நகரில், மெசேத்தி என்னும் ஆட்சித்தலைவரின் கல்லறையில் இரண்டு மரப் படைகள் கிடைத்தன. அவற்றின் காலம் கி.மு. 2000ஐ ஒட்டியது. ஒன்றில் ஈட்டியும் கேடயமும் ஏந்திய எகிப்தியர் நாற்பதின்மர். மற்றொன்றில் வில்லேந்திய நூபியர் நாற்பதின்மர். எகிப்தியரின் கேடயங்கள் மாட்டுத்தோலின் புள்ளிகளும் திட்டுகளும் தோன்றுமாறு வெவ்வேறு வகையாகத் தீட்டப்பட்டுள்ளன. எல்லோரும் ஒரே உயரமும் இல்லை. அணிவகுப்பில் நடக்கும் மனிதர் அச்சில் வார்த்தவர் அல்லர் என்பதை அத்தச்சர் அறிந்திருந்தார். மெக்கெட்ரே என்னும் உயர் அலுவலரின் கல்லறையில் 1920இல் வெளிப்பட்ட படகு மாதிரிகளும், தூத்தங்காமன் கல்லறையிற் கிடைத்த 35 படகு மாதிரிகளும் இவ்வகையினவே. ஆயின் இவை அலங்காரப் பொருள்கள் அல்ல. மறுமையில் இறந்தவருக்குப் பணிசெய்யும் என்ற நம்பிக்கையில் வைக்கப்பட்டவை.

உருவங்களைப் பற்றிப் பேசும்போது நம் வாசகர்தம் உள்ளத்தில் ஓர் ஐயம் எழுவது இயல்பு. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் இளமையில் வைத்து விளையாடிய பொம்மைகளுள் துணியால் ஆன இரு சிறகுகளை உடைய குதிரை ஒன்றும் இருந்தது. அதைக் குறித்து வினவிய நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், சுலைமான் நபியின் குதிரைகளுக்குச் சிறகுகள் இருந்தன அல்லவா என்று அன்னையார் மறுமொழி பகரக் கேட்டுச் சிரித்தார்கள். இச்செய்தி சுனன் அபூதாவூத் தொகுப்பில் இடம்பெற்றுள்ளது. இதனை முன்வைத்துச் சிறார் விளையாட்டுக்கு இசைவு தந்த சட்ட அறிஞரும் உளர். அந்த இசைவைப் பெரியவர்தம் அலங்காரப் பொருள்களுக்கு நீட்டாதவரும் உளர். அவ்வாய்வு இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது. உருவம் வேண்டாம் என்பவர்க்குக் கப்பல் இருக்கிறது. அதனைப் பின்னர்க் காண்போம்.

புதுக்காலச் சிற்றுருவங்களின் பிறப்பிடம் ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரம். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கே ஹில்பெர்ட் குடும்பத்தார் தட்டையான ஈய வீரர்களை வார்த்தனர். கற்பலகை இரண்டில் உருவத்தின் முன்புறமும் பின்புறமும் தலைகீழாகச் செதுக்கப்படும். இரண்டையும் ஒட்டிப் பிடித்து, வெள்ளீயமும் காரீயமும் கலந்த குழம்பை ஊற்றினால், காசுபோல் மெல்லிய வீரன் வெளிவருவான். 1839இல் ஹைன்ரிக்சன் தொடங்கிய பட்டறை ஏறத்தாழ 30 மில்லிமீட்டர் உயரத்தைப் பொதுவளவாக நிலைபெறச் செய்தது. பல பட்டறைகளின் வீரர்களையும் ஒரே களத்தில் நிறுத்த அதனாலேயே முடிந்தது.

இங்கிலாந்தில் வில்லியம் பிரிட்டன் நிறுவனத்தார் 1893இல் கண்ட முறை இன்னும் சுவையானது. அச்சில் உருகிய ஈயத்தை ஊற்றி, ஓரம் இறுகியவுடன் நடுவில் உள்ள குழம்பைத் திரும்ப வெளியே கொட்டிவிட்டனர். வீரன் உள்ளே வெறுங்கூடானான், எடை குறைந்தது, விலையும் குறைந்தது. செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் உரியதாயிருந்த படை நடுத்தர வீடுகளுக்கும் வந்து சேர்ந்தது. அறிவியற் புனைகதை எழுதிய எச்.ஜி. வெல்ஸ், இவ்வீரர்களைக் கொண்டு விளையாடும் விதிமுறைகளை 1913இல் 'லிட்டில் வார்ஸ்' என்ற நூலாக வெளியிட்டார். பொம்மைப் போர் மெய்ப்போரினும் எத்துணையோ மேலானது என்று அந்நூலில் அவர் வாதிட்டார். மறு ஆண்டே முதல் உலகப்போர் மூண்டது.

1959 முதல் ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் நெகிழியில் சிறுவீரர்களை வார்த்துப் பெட்டி பெட்டியாக விற்றது. 1960களில் உரோமானியரும் பண்டைப் பிரித்தானியரும் அவ்வரிசையில் வந்தனர். இன்று காரீயம் கலவாத வெள்ளீயக் கலவை, பிசின், முப்பரிமாண அச்சு எனப் பொருளும் முறையும் பெருகிவிட்டன.

தீட்டும் முறை

வாங்கிய உருவத்தின்மீது உடனே வண்ணம் பூசினால் ஒரு திங்களில் உரிந்துவிடும். அச்சின் இரு பாதிகள் கூடிய இடத்தில் மெல்லிய வரம்பும் பிசிறும் இருக்கும். அவற்றைச் சிறு அரத்தாலும் கூர்ங்கத்தியாலும் நீக்குதல் வேண்டும். பின்னர்ச் சவர்க்கார நீரில் கழுவி உலர்த்தல் வேண்டும். அச்சிலிருந்து எளிதில் விடுபடப் பூசிய எண்ணெய்ப் பசை அப்போதுதான் நீங்கும். உருவைப் புட்டி மூடி ஒன்றின்மேல் ஒட்டிக்கொள்வது நலம். கைவிரல் வண்ணத்தில் படாது.

அடுத்தது அடிப்பூச்சு. சாம்பல், வெண்மை, கருமை ஆகிய மூன்றில் ஒன்றை மெல்லியதாகப் பூசுவர். இரும்புக் கவசம் அணிந்தவனுக்குக் கருமையே சிறந்தது; அதன்மேல் வெள்ளி வண்ணத்தை லேசாகத் தடவினால் கவசத்தின் இடுக்குகள் தாமே இருண்டு நிற்கும். அதன்பின் தோல், துணி, மரம் என்று உள்ளிருந்து வெளியே வரவேண்டும். நாம் உடுத்தும் வரிசையிலேயே வீரனுக்கும் உடுத்த வேண்டும் என்று இதனைச் சுருக்கிச் சொல்லலாம்.

விரலளவு உருவில் நிழல் தானே விழாது. மனிதனின் அங்கி மடிப்பில் படியும் இருளை அச்சிற்றுரு தன் ஆழமற்ற மடிப்பில் காட்ட மாட்டாது. எனவே நிழலையும் தீட்ட வேண்டியுள்ளது. மிக நீர்த்த கரும்பழுப்பை மேலே படரவிட்டால் அது பள்ளங்களில் சென்று தங்கும். அது உலர்ந்தபின், தூரிகையில் எடுத்த வெளிர்நிறத்தைத் துணியில் துடைத்துவிட்டு, எஞ்சியதை மேடுகளில் உரசினால் ஒளி பிறக்கும். உலர்தூரிகை முறை என்பது இதுதான். கற்றுக்கொள்ள ஒரு மாலைப்பொழுது போதும். கண்ணைத் தீட்டக் கற்கத்தான் ஆண்டுகள் ஆகின்றன. நம் வீரர்களுட் பாதிப்பேர் இன்னும் மாறுகண்ணராகவே நிற்கின்றனர்.

பழைய ஈய உருவங்களைக் கையாள்வோர்க்கு ஓர் எச்சரிக்கை. அரத்தால் தேய்க்கும்போது எழும் தூள் நஞ்சு. ஈரப்படுத்தித் தேய்த்தல் வேண்டும். வேலை முடிந்தவுடன் கை கழுவுதல் வேண்டும். அம்மேசையில் தேநீர்க் கோப்பைக்கு இடந்தரலாகாது. தூரிகை நுனியை நாவில் வைத்துக் கூராக்கும் பழக்கம் எவ்வுருவுக்கும் ஆகாது.

நிறத்தின் சான்று

இனி நண்பரின் வினாவுக்கு வருவோம். உலோகம் மண்ணில் நிலைக்கும். துணியும் சாயமும் மக்கிப்போகும். உரோமானியரின் பட்டைக் கவசம் எவ்வாறு பூட்டப்பட்டது என்பதை, வட இங்கிலாந்தின் கார்பிரிட்ஜில் 1964இல் புதையுண்ட பெட்டி ஒன்றிற் கிடைத்த கவசத் துண்டுகள் தெளிவாக்கின. கவசத்தின் உள்ளே அணிந்த அங்கியின் நிறத்தை எப்பெட்டியும் இவ்வாறு பாதுகாத்துத் தரவில்லை. கி.பி. 113இல் உரோமில் எழுந்த டிராஜன் தூணில் ஈராயிரத்துக்கும் மேற்பட்ட உருவங்கள் உள்ளன. சிற்றுரு வார்ப்போர்க்கு அதுவே பெருநூலகம். ஆயினும் இன்று அது வெண்கல்லாகவே நிற்கிறது.

பண்டைச் சிற்பங்கள் வெண்மையானவை என்பது காலம் நமக்குச் செய்த வஞ்சனை. மழையும் வெயிலும் வண்ணத்தைக் கழுவிய பின்னர் எஞ்சிய கல்லைக் கண்டு, கிரேக்கர் வெண்மையையே விரும்பினர் என்று பிற்காலத்தார் முடிவு கட்டினர். அம்முடிவைத் தகர்த்த சான்றுகளுள் தலையாயது ஒன்று உதுமானியப் பேரரசின் அறிஞரால் வெளிப்பட்டது. இன்றைய லெபனானின் சைதா நகரில், பழம்பெயர் சிதோன், 1887இல் நிலத்தடிக் கல்லறைகள் கண்டறியப்பட்டன. இஸ்தான்புல் அருங்காட்சியகத் தலைவரும் ஓவியருமான உஸ்மான் ஹம்தி பே நேரிற் சென்று அகழ்ந்து, கற்பேழைகளைக் கப்பலேற்றிக் கொணர்ந்தார். அவற்றுள் ஒன்றுதான் 'அலெக்சாந்தர் பேழை'. அது அலெக்சாந்தரின் உடலைத் தாங்கியது அன்று. அவர் போரிடும் காட்சி செதுக்கப்பட்டமையால் அப்பெயர் பெற்றது. மண்ணுள் மூடிக் கிடந்ததால் சிவப்பும் மஞ்சளும் நீலமும் ஊதாவும் அதில் ஆங்காங்கே தப்பிப் பிழைத்திருந்தன. பாரசீகரின் காற்சட்டையும் நீண்ட கையுடைய அங்கியும் பளிச்சென்ற வண்ணங்களில் விளங்கின. பாரசீக வீரனுக்கு வண்ணந்தீட்டும் எவரும் இன்றும் முதலில் நாடுவது இப்பேழையையே. ஓர் ஓவியர் அருங்காட்சியகத்தை ஆண்டது நம் கலைக்குக் கிடைத்த பேறு எனலாம்.

சீனத்தின் சியான் அருகே 1974இல் வெளிப்பட்ட சுடுமண் படையின் கதை நேர்மாறானது. அவ்வீரர் ஒவ்வொருவரும் ஒருகாலத்தில் முழுவண்ணம் பூண்டிருந்தனர். வண்ணத்தின் அடியில் அரக்குப் பூச்சு ஒன்று உண்டு. ஈரமண்ணிலிருந்து வெளிவந்து காற்றுப் பட்டதும் அந்த அரக்கு சில நிமிடங்களில் சுருண்டு, வண்ணத்தோடு உதிர்ந்தது. ஈராயிரத்து இருநூறு ஆண்டுகள் இருளிற் காத்த நிறம், காண வந்தவர் கண்ணெதிரே போயிற்று. பின்னர் வந்த ஆய்வாளர் அரக்கை நிலைப்படுத்தும் முறைகளைக் கண்டு எஞ்சியவற்றைக் காத்தனர்.

உரோமானியரின் கேடயத்துக்கு ஒரு நேர்ச்சான்று உண்டு. சிரியாவில் யூப்ரட்டீசு ஆற்றங்கரையில் உள்ள துரா யூரோப்போஸ் என்னும் கோட்டை நகர், கி.பி. 256ஐ ஒட்டிப் பாரசீகரால் வீழ்த்தப்பட்டது. அதன் இடிபாட்டில் மரத்தாலும் தோலாலும் ஆன வளைந்த கேடயம் ஒன்று வண்ணத்தோடு கிடைத்தது. செம்பின்னணியில் கழுகும், சிறகுடைய வெற்றித் தேவதையரும், அரிமாவும் அதில் தீட்டப்பட்டுள்ளன. இன்று அது அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் உள்ளது.

சரி, அங்கி? எகிப்தில் கிடைத்த கி.பி. 138ஆம் ஆண்டின் பாப்பிரஸ் ஆவணம் ஒன்று, ஃபிலதெல்ஃபியா என்னும் ஊரின் நெசவாளர்க்கு அரசு அளித்த கொள்முதல் ஆணையைக் கூறுகிறது. கப்பதோக்கியாவில் இருந்த படைக்கு ஒரு வெள்ளை அங்கி, வெள்ளைச் சிரியப் போர்வைகள், பாசறை மருத்துவமனைக்கு ஒரு வெள்ளைக் கம்பளி என்று அதில் அளவும் எடையும் குறிக்கப்பட்டுள்ளன. எகிப்தின் பாயூம் பகுதி ஓவியங்களிலும் வாட்கச்சை அணிந்த ஆடவர் வெள்ளை அங்கியோடு காணப்படுகின்றனர். இவற்றால் சிவப்பு அங்கியே இல்லை என்று ஆகிவிடாது. ஒரு படையின் ஓர் ஆணை பேரரசு முழுவதற்கும் சட்டம் அன்று. ஆனால் வெள்ளைக்கு நெசவாளர் கணக்கே சான்று நிற்க, நம் பதின்மரின் சிவப்புக்கு நாம் காட்டத்தக்கது திரைப்படம் ஒன்றே.

கப்பல்

வீரனைவிடக் கப்பல் கடினமானது. கிரேக்கரின் மூவரிசைத் துடுப்புக் கப்பலான டிரைரீம் ஒன்றின் உடல்கூட இதுவரை கடலடியிற் கிடைக்கவில்லை. அதன் காரணம் எளிது: பாரம் ஏற்றாத இலேசான மரக்கலம் உடைந்தாலும் மூழ்காது, மிதந்து சிதறிவிடும். ஆகவே அறிஞர் சுற்றிச் சுற்றிச் சான்று தேடினர். ஏதென்சின் துறைமுகமான பிரேயசின் ஸேயா பகுதியில் கப்பற்கொட்டில்களின் அடித்தளங்கள் உள்ளன. கொட்டிலின் அகலம் கப்பலின் அகலத்துக்கு எல்லை வகுத்தது. அக்ரோபொலிசிற் கிடைத்த உடைந்த புடைப்புச் சிற்பம் துடுப்பாளர் அமர்ந்த முறையைக் காட்டியது. கி.மு. 4ஆம் நூற்றாண்டின் கடற்படைக் கல்வெட்டுகள் துடுப்புகளின் எண்ணிக்கையைத் தந்தன. இவற்றை வைத்து மோரிசன் என்னும் செம்மொழி அறிஞரும் கோட்ஸ் என்னும் கப்பற் பொறியாளரும் வகுத்த வரைவின்படி 'ஒலிம்பியாஸ்' என்னும் முழுவளவுக் கப்பல் கிரேக்க நாட்டில் 1987இல் கடலில் இறங்கியது. நீளம் ஏறத்தாழ 37 மீட்டர். துடுப்பாளர் 170 பேர்.

இதனை வீரரின் அளவிலேயே செய்தால் நீளம் 51 சென்டிமீட்டர். இரண்டு சாணுக்கு மேல். கடற்போர் விளையாடுவோர் விரும்பும் ஆயிரத்து இருநூற்றில் ஒரு பங்கு அளவில் மூன்று சென்டிமீட்டரே. பேரீச்சங்கொட்டையினும் சற்றே பெரிது. பெரிய அளவில் 170 துடுப்புகளையும் தனித்தனியே செதுக்கி ஒட்டவேண்டும். மேல்வரிசையில் பக்கத்துக்கு 31, நடுவிலும் கீழும் 27 என்ற கணக்கு தவறினால் ஒரு பக்கம் துடுப்பு மிஞ்சும். நமக்கு மிஞ்சியது.

கப்பலின் முகத்தில் பொருத்திய வெண்கல முட்டுமுனைகள் கிடைத்துள்ளன. இஸ்ரேலின் அத்லித் கடற்கரையில் 1980இல் எடுத்த முனை 465 கிலோ எடையுள்ளது. கி.மு. 241இல் உரோமானியரும் கார்த்தேஜியரும் பொருத சிசிலிக் கடலிலிருந்து 2004 முதல் இருபதுக்கும் மேற்பட்ட முனைகள் மீட்கப்பட்டன; அவை சிறியவை. அப்போரில் ஈடுபட்ட கப்பல்கள் அறிஞர் எண்ணியதைவிடச் சிறியனவாக இருக்கலாம் என்ற கருத்து அதன்பின் எழுந்தது. அதற்கு முன் மாதிரி செய்து முடித்தவர்கள் என்ன செய்வார்கள்!

நிறத்துக்கு இங்கும் சில பிடிகள் உண்டு. கீல் பூசிய உடல் கருமை. ஹோமர் தம் காப்பியங்களில் கப்பல்களைக் கரியவை என்றும், சிலவற்றைச் செங்கன்னம் உடையவை என்றும் சுட்டுகிறார். அச்செங்காவி மண்ணைக் கேயோஸ் தீவிலிருந்து பிறர் பெறாதபடி ஏதென்ஸ் விதித்த கட்டுப்பாடு கல்வெட்டில் உள்ளது. முகப்பில் கண் பொறிக்கும் வழக்கத்துக்கு ஸேயாவில் கிடைத்த சலவைக்கற் கண்களே சாட்சி. கப்பலுக்குக் கண் தீட்டுவது வீரனுக்குத் தீட்டுவதைவிட எளிது என்பதையும் இங்கே மகிழ்ச்சியோடு பதிவு செய்கிறோம்.

நம் கரையோடு தொடர்புடைய கலம் ஒன்றையும் செய்து பார்க்க விழைந்தோம். இராமநாதபுரம் மாவட்டத்து அழகன்குளம் அகழாய்வில் கிடைத்த பானை ஓட்டில் கப்பல் ஒன்று கீறப்பட்டுள்ளது. அதனை உரோமானிய வணிகக் கலமாக ஆய்வாளர் கருதுகின்றனர். கீறலில் பாய்மரமும் கயிறும் உண்டு; வண்ணம் இல்லை. எனவே உடலுக்கு மரநிறத்தோடு நிறுத்திக்கொண்டோம்.

சேர்த்தவற்றைக் காப்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. ஓக் போன்ற சில மரங்களாலான பேழைகள் வெளிவிடும் அமில ஆவியால் ஈயம் வெண்பொடியாக உதிர்ந்துபோகும். கண்ணாடியும் உலோகமும் கொண்ட அடுக்கு நல்லது. ஒவ்வோர் உருவின் அடியிலும் சிறு தாள் ஒன்றை ஒட்டி, எந்நிறத்துக்கு எது சான்று என்று எழுதி வைக்கிறோம். பாரசீகர் அடியில் 'சைதாப் பேழை', கேடயத்துக்குத் 'துரா', சான்று இல்லாதவற்றுக்கு 'ஊகம்'. நம் உரோமானியருள் எண்மர் வெள்ளை அங்கிக்கு மாறிவிட்டனர். 'பாப்பிரஸ், 138' என்பது அவர்தம் சீட்டு. இருவரைப் பழைய சிவப்பிலேயே விட்டுவைத்துள்ளோம். அவர்களின் அடியில் 'திரைப்படம்' என்று எழுதியிருக்கிறோம்.